எழுபத்திரண்டில் ஒன்று

நடுவர் கைக்கண்ணாடியோடு வந்தார்,
பல் வைத்தியர்கள் வைத்திருக்கும் அதே வகை,
நீளக் காம்பு, காசளவு வட்டம்.
புர்க்டோர்ஃப் பள்ளியின் விளையாட்டு மண்டபம்,
கூடைப்பந்து வளையத்தின் கீழே பதினாறாம் மேசை.
என் இடப்பக்கம் சேறு பூசிய டாங்கி.
வலப்பக்கம் ரோஸ்மாரி ஷ்டால்டரின் போர்க்கப்பல்,
அதன் தந்திக் கம்பிகளுக்குத்
தன் நரைமுடியையே இழுத்துக் கட்டியிருந்தாள்.
நடுவில் என் கிபிர்.
மூக்கிலிருந்து வால்வரை சரியாக ஒரு சாண்.

பகலில் நான் பற்களுக்கு நிறம் தீட்டுகிறவள்.
வாய் வந்து சேரும், ஆள் வரமாட்டார்.
வெள்ளை என்று ஒரு நிறம் கிடையாது,
அதுதான் முதல் நாள் சொல்லித்தந்தது.
கோப்பி குடிப்பவருக்குக் கொஞ்சம் மண்,
சுருட்டுக்காரருக்கு விளிம்பில் சாம்பல்.
தேய்ந்த தூரிகைகளை வீட்டுக்குக் கொண்டுவருவேன்.

பெட்டியைத் தூன் நகரத்துப் பழஞ்சந்தையில்
எட்டு ஃபிராங்குக்கு வாங்கினேன்.
மகனுக்கா என்றார் விற்றவர்.
எனக்கு என்றேன். ஒரு ஃபிராங்கைத் திருப்பித் தந்தார்,
ஏன் என்று இன்னும் தெரியாது.

சட்டகத்திலிருந்து வெட்டி எடுத்தால்
ஒவ்வொரு துண்டிலும் ஒரு காம்புத் தழும்பு.
உப்புத்தாளால் தேய்த்து, நகத்தால் தடவி, மறுபடி தேய்த்து.
முப்பத்தொன்றும் முப்பத்திரண்டும் குண்டுகள்.
அவற்றை ஒட்டமாட்டாய் என்று நினைத்தாளாம் சுகிர்தா.
ஏன்? படத்தில் இருக்கிறதே.
ஒட்டினேன், சாய்வில்லாமல்.
காய்ந்ததா என்று இரண்டு தரம் தொட்டும் பார்த்தேன்.

எழுபத்திரண்டில் ஒன்று என்றால்
என் சமையலறைத் தரைக்கும் கூரைக்கும் நடுவே
நூற்றெழுபது மீட்டர் ஆகாயம்.
எங்கள் பங்கரை வைத்தால்
நெருப்புப்பெட்டிக்குள் இடம் மிஞ்சும்.
உள்ளே ஏழு பேர்,
குந்தியிருக்கும் ஏழு சோற்றுப் பருக்கை.
சத்தத்தை மட்டும் எழுபத்திரண்டால்
எப்படி வகுப்பதென்று தெரியவில்லை.
விட்டுவிட்டேன்.

சக்கரங்களை உள்ளே மடக்கிக்
கம்பியொன்றில் பறக்கவிட்டிருந்தேன்.
ஊர்ஸ் ஏஷ்லிமன் கண்ணாடியை வயிற்றுக்குக் கீழே நீட்டினார்.
அபாரம் என்றார். எண்ணெய் வழிந்த கோடு,
மூடிகளின் விளிம்பில் கரி.
எந்தப் புத்தகம் பார்த்தீர்கள்?
மேல்பக்கம்தான், மன்னிக்கவும்,
பெட்டிப் படத்தைப் பார்த்துத் தீட்டியது போல.

பெட்டிப் படத்தைப் பார்த்துத்தான் தீட்டினேன்.
மேலேயிருந்து அதைப் பார்த்தவர்கள் வேறு ஆட்கள்.

ஆனால் பொய் சொல்லக்கூடாது.
எண்ணெய்க் கோட்டையும் நான் கண்டதில்லை.
கண்டது இரண்டு இமைப்பு நேரம்
வெயிலுக்கு எதிரே ஒரு கறுப்பு முக்கோணம்.
மிச்சமெல்லாம் பல் வேலை.
புத்தகம் இல்லை என்றேன்.
அவர் எதையோ எழுதிக்கொண்டார்.

விமானியை அவர் பார்க்கவில்லை.
கவசத்துக்கும் முகமூடிக்கும் இடையே
ஒரு கீற்றுத் தோல், அவ்வளவுதான் அந்த ஆள்.
குறிப்புத்தாள் தோல் நிறம் என்று ஓர் எண் தந்திருந்தது.
அது ஏஷ்லிமனின் நிறம்.
ஒரு சனிக்கிழமை இரவு முழுக்க அதற்கே போனது.
காவி, சுட்ட பழுப்பு, சிவப்பில் ஒரு துளி,
கூடிவிட்டது, மறுபடி காவி.
சரிபார்க்கப் புறங்கையில் ஒரு புள்ளி வைத்தேன்,
பல்லுக்கு வைத்துப் பார்ப்பது போலவே.
விளக்கைத் திருப்பினேன்.
வைத்த இடம் தெரியவில்லை.
நகத்தால் சுரண்டித்தான் கண்டுபிடித்தேன்.
பிறகு ஒற்றை மயிர்த் தூரிகையால் அவனுக்குத் தீட்டி
மேல்மூடியை ஒட்டினேன். அது இனித் திறக்காது.

மூன்றாம் பரிசு, ஒரு புட்டி பசை.
ரோஸ்மாரிக்கு ஒன்றும் இல்லை.
மதியம் ஒரு குழந்தையின் சட்டைக்கை பட்டு
இரண்டு தந்தி அறுந்திருந்தது.
மண்டபத்தின் பாதி விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.
அவள் தலையில் ஒரு முடியைத் தேடிப் பிடுங்கினாள்,
குட்டையாக இருந்தது.
என் பின்னலிலிருந்து நீளமாக ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.
கறுப்பாக இருக்கிறதே என்றாள்.
தீட்டிக்கொள்ளலாம் என்றேன்.
பசையைத் திறந்தோம்.